அப்பாவின் கண்ணும் சூரியனார் கோயிலும்

அப்பாவுக்குப் பார்வை திரும்பினால் சூரியனாரைச் சேவித்து ஒன்பது சுற்று வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை நீக்கி, மருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கிளம்பினோம்.

முறைப்படி முதலில் பக்கத்திலேயே இருக்கும் திருமங்கலக்குடிச் சிவன் கோயில். காலவ முனிவரைத் தொழுநோயிலிருந்து காக்கப்போய்ப் பிரமனின் சாபம் ஏற்ற நவக்கிரகங்களே பிராணநாதரை வணங்கித்தானே விமோசனம் பெற்றார்கள்! மங்களாம்பிகையிடம் அம்மா நெடுநேரம் நின்றாள்.

சூரியனார் கோயிலில் ஒரே கூட்டம். காரை விட்டு இறங்கியதும் ஒருவர் வழிமறித்து, "சாயங்காலத்துக்குள்ள ஒன்பது கோயிலும் முடிச்சிடலாம், தோஷத்துக்குத் தனிப் பூஜை இருக்கு" என்று அப்பாவின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணிக்கிறார். கும்பிட வந்தவர்களை இப்படிப் பயமுறுத்துவது பாவம் இல்லையா? எனக்குக் கோபம் வந்தது. அம்மாதான் "வா, நேரமாகுது" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கோள் தீர்த்த விநாயகரிடம் தொடங்கி, காசி விசுவநாதரைத் தரிசித்து, வரிசையில் நகர்ந்து சன்னதியை அடையப் பதினொன்றரை ஆகிவிட்டது. மேற்கு நோக்கிய பெருமான், இரு பக்கமும் தேவியர், எதிரே அவரையே பார்த்தபடி குரு பகவான். தீபாராதனை காட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அப்பாவின் குரல், மெதுவாக: "ரெண்டு கையிலயும் தாமரை இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். போன வருஷம் உள்ளூர்க் கோயிலில் தீபம் எந்தப் பக்கம் காட்டுகிறார்கள் என்று அம்மாவைக் கேட்டவர் அவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த அர்ச்சனை ஒன்றும் எனக்கு நினைவில்லை.

சௌரம் என்று சூரியனையே முழுமுதலாகக் கொண்ட மதம் ஒன்று இருந்தது. ஆறு சமயங்களில் அதுவும் ஒன்று. நம் பக்கத்தில் சைவம், வைணவம்போல அது பெரிதாகப் பரவவில்லை. ஆனாலும் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் சூரியனுக்கென்றே இந்தத் தலம் எழுந்தது. கல்வெட்டில் இதன் பெயர் குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம். வடக்கே கன்னோசியை ஆண்ட, சூரியனை வழிபட்ட காகடவால மன்னர்களோடு சோழருக்கு இருந்த உறவுதான் காரணமாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. 1111-ஆம் ஆண்டைச் சேர்ந்த கங்கைகொண்ட சோழபுரம் கல்வெட்டில் அந்த வம்சத்தின் பெயர் வரிசையே இருக்கிறது. எங்கிருந்து வந்த வழிபாடாக இருந்தால் என்ன, காவிரிக்கரையில் கால் ஊன்றி எருக்கிலைத் தயிர்சாதம் ஏற்கும் நம் வீட்டுச் சாமியாகிவிட்டார். சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்களுக்கும் தனித்தனிச் சன்னதி வைத்த அந்த மனசை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, பிரதட்சிணம். உச்சி வெயிலில் கல் கொதித்தது. மூன்றாவது சுற்றிலேயே எனக்குக் கால் தாங்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. "நிழல்ல உட்காரும்மா, நான் சுத்தறேன்" என்றேன். "வேண்டுதல் என்னோடது" என்று சொல்லிவிட்டாள்.

ஆறாவது சுற்றில் அவள் தடுமாறினாள். அப்பா சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க படி இருக்கு, பார்த்து வா." இரண்டு வருஷமாக வீட்டு வாசற்படியில் அம்மா அவரிடம் சொல்லிவந்த அதே வார்த்தை! மீதிச் சுற்று முழுக்க அவர் முன்னால், அவள் பின்னால். பெருமானே, இதைப் பார்க்க வைத்தாயே, எனக்கு வேறென்ன வேண்டும்? உத்தியோகத்துக்காக வேண்டிக்கொள்ளலாம் என்று வந்தேன், அதைச் சொல்லவே மறந்துபோனேன்.

கடைசிச் சுற்று முடிந்ததும் அம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள், சிவந்திருந்தது. அப்பா கொடிமரத்தின் அருகே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கோபுரத்துக் கலசங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

சூரியனாரே, தை ரதசப்தமிக்கு மூன்று பேரும் வருகிறோம்.