தாத்தாவின் காது, அம்மாவின் குறிப்பேடு

குதிரையின் விலா முடிந்து வயிறு சற்றே உட்குழியும் இடத்தில் காதை வைத்துக் கேட்கும் பழக்கம் எனக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. காலையில் லாயத்தின் கதவைத் திறந்ததும், தீனி போடுவதற்கு முன்பே, ஒவ்வொரு குதிரையின் இரு பக்கங்களிலும் அவர் ஒரு நிமிடம் அப்படி நிற்பார். எனக்கு எட்டு வயதானபோது முதன்முறையாக என்னைத் தூக்கிப் பிடித்துக் கேட்கச் சொன்னார். எங்கோ தொலைவில் இடி உருளுவது போலவும், குடத்திலிருந்து நீர் சரிவது போலவும் உள்ளே குடலின் ஓசை மாறி மாறி எழுந்தது. “இந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்லை, கண்ணு. இது நின்றுபோனால்தான் நாம் ஓட வேண்டும்” என்றார். இப்போது என்னிடம் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது. ஆனாலும் முதலில் காதை வைத்துக் கேட்ட பிறகே அதை எடுக்கிறேன்.

குதிரைகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டேன். இந்த வாழ்க்கையை எனக்குக் கொடுத்தவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை எண்ணியும் தள்ளிப்போட்டே வந்ததற்குக் காரணம், அவர்களில் யாரும் பந்தயத்தில் வென்றவர்களோ, கோப்பை வாங்கியவர்களோ அல்லர் என்பதுதான். எடுத்துக்காட்ட என்னிடம் படமோ பதக்கமோ இல்லை. நான் குதிரையை அணுகும் விதத்திலும், கயிற்றைப் பிடிக்கும் விதத்திலும், இரவில் விழித்துக்கொள்ளும் நேரத்திலும்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

வண்டிக் குதிரைகளைப் பராமரிப்பதே தாத்தாவின் தொழில். “குரல் முன்னால் போகட்டும், நீ பின்னால் போ” என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதனால் சுற்றிலும் பார்க்க முடியும் என்பதையும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறு பகுதிகள் மட்டுமே அதற்குத் தெரியாதவை என்பதையும் நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். தாத்தாவுக்கு அந்த எண் தெரியாது. ஆனால் பேசிக்கொண்டே தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக நடந்து சென்று, முதலில் கழுத்தின் அடியில் கையை வைத்து, அந்தக் கையை எடுக்காமலேயே உடலைச் சுற்றி மறுபக்கம் வருவார். பின்புறம் கடக்கும்போது கை குதிரையின் மேலேயே இருப்பதால், தான் எங்கே இருக்கிறோம் என்பதை அந்தக் கையே அதற்குச் சொல்லிவிடும்.

கோபத்தோடு யாரும் லாயத்துக்குள் வரக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். ஒருமுறை பள்ளியில் சண்டை போட்டுவிட்டு வந்த என்னை வாசலிலேயே நிறுத்தி, அழுது முடித்துவிட்டு வரச் சொன்னார். கிரேக்கத்தைச் சேர்ந்த செனோபோன், குதிரையேற்றத்தைப் பற்றி ஏறத்தாழ 2,350 ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூலில், சினத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகக் கூடாது என்றும், வற்புறுத்தி வாங்கப்படும் செயலில் சாட்டையடிக்கு ஆடும் நடனத்தைவிட அதிக அழகு இராது என்றும் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த நாளில் எனக்குத் தாத்தாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், குதிரைகளைப் பார்த்துப் பார்த்தே அதே முடிவுக்கு வந்திருந்தார்.

குளம்பைச் சீர்செய்யவும் அவரிடமே கற்றேன். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். தோலின் விளிம்பில் புதிதாகத் தோன்றும் பகுதி, குளம்பின் முன்புறத்தில் மெல்லக் கீழிறங்கித் தரையைத் தொட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். தாத்தா இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு எங்கள் செந்நிறப் பெண்குதிரையின் நான்கு குளம்புகளையும் அவரே அராவி முடித்திருந்தார். அதன் பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த வேலையை நான் செய்ய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறை வெட்டியபோதும், அவர் கைபட்ட குளம்பில் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. ஓராண்டு கழித்துக் குனிந்து பார்த்தபோது, அவர் அராவிய எதுவும் அந்தக் கால்களில் மிச்சமில்லை என்பது சட்டென்று உறைத்தது. அராவியைக் கீழே வைத்துவிட்டு, மடியில் அதன் காலை ஏந்தியபடியே நெடுநேரம் நின்றேன். அது காலை இழுத்துக்கொள்ளாமல் எனக்காகக் காத்திருந்தது.

சேணத்தில் உட்காரக் கற்றுக்கொடுத்தவர் அத்தை. நீண்ட கயிற்றின் ஒரு முனையைத் தம் கையில் பிடித்துக்கொண்டு, கால் ஊன்றும் அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் என்னை உட்கார வைத்து, மாதக்கணக்கில் வட்டமாகவே சுற்றவிட்டார். கண்களை மூடிக்கொண்டு, இப்போது எந்தப் பின்னங்கால் தரையில் படுகிறது என்று நான் சொல்ல வேண்டும். நடைக்கு நான்கு தாளம், துள்ளோட்டத்துக்கு இரண்டு, அதற்கு அடுத்த மென்பாய்ச்சலுக்கு மூன்று என்பது அப்படித்தான் என் இடுப்பெலும்புக்குத் தெரியவந்தது. முதன்முதலாக வாரைக் கையில் கொடுத்த நாளில், “இது உனக்குப் பிடிமானம் இல்லை. இதன் மறுமுனையில் ஒரு நாக்கு இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். இன்று நான் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வாக்கியத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதுவது கடினம். அவர் குதிரை வாடையே அறியாத வீட்டிலிருந்து மணமாகி வந்தவர். சிறுவயதில், மிரண்ட குதிரை ஒன்று ஒருவரை உதைத்துத் தள்ளியதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டதால், அந்த அச்சம் அவரைவிட்டு அகலவே இல்லை. ஆனாலும் விடியலுக்கு முன் என்னை எழுப்பிக் குதிரைகளிடம் அனுப்பிவைத்தவர் அவர்தான். நான் பயிற்சி முடித்து வரும்வரை வேலிக்கு வெளியே, எப்போதும் ஒரே இடத்தில் நிற்பார். உள்ளே வாருங்கள் என்று அழைத்தால், “என் பயம் அதற்குத் தொற்றிக்கொள்ளும், நான் இங்கேயே இருக்கிறேன்” என்பார். அதை ஒரு சாக்கு என்றே அப்போது நினைத்திருந்தேன். ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஓட்டுபவர்களிடமும், அடுத்த சுற்றில் திடீரென்று ஒரு குடை விரிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனால் அதை எதிர்பார்த்த மனிதர்களின் இதயத்துடிப்பு மட்டுமன்றி, எதுவுமே அறியாத குதிரைகளின் இதயத்துடிப்பும் உயர்ந்தது. அம்மா சொன்னது சாக்கு அல்ல, குதிரையின்மேல் கொண்ட அக்கறை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த அம்மா ஒரே ஒரு முறை வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். தாத்தா மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். தண்ணீர்த் தொட்டியின் குழாய் அடைத்திருந்ததை நான் ஒருநாள் முழுவதும் கவனிக்கத் தவறிவிட்டேன். வளர்ந்த குதிரைக்கு ஒரு நாளில் 25 முதல் 50 லிட்டர் வரை நீர் வேண்டும். உலர்ந்த புல்லைத் தின்றுவிட்டு நீரில்லாமல் நின்ற அந்தச் செந்நிறப் பெண்குதிரை, நள்ளிரவில் முன்னங்காலால் தரையைப் பறித்தபடி, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. விலாவில் காதை வைத்தேன். ஓசையே இல்லை. தாடையெலும்பின் உட்புறம் விரலை வைத்து நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது, 64 இருந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயிலில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. ஆகையால் உள்ளே தேங்குவதெல்லாம் தேங்கிக்கொண்டே போகும். படுத்துப் புரளாதபடி அதை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவரையும் அழைக்க வேண்டும், வெந்நீரும் வாளியும் விளக்கும் எடுத்துவைக்க வேண்டும். எனக்கோ இரண்டு கைகள்தான்.

வேலிக்கதவு திறக்கும் ஓசை கேட்டுத் திரும்பினேன். அம்மா வந்து கையை நீட்டினார். “கயிற்றைக் கொடு. நீ டாக்டரிடம் பேசு.” அவர் விரல்கள் நடுங்கியதை விளக்கொளியில் பார்த்தேன். பேசிக்கொண்டே தோள்பக்கமாகச் சாய்வாக வந்து, கழுத்தில் கையை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். வேலிக்கு வெளியே நின்றபடி அத்தனை ஆண்டுகளும் அவர் தாத்தாவைக் கவனித்திருக்கிறார். வலியால் தலை தொங்கிப்போயிருந்த அந்தக் குதிரை, நடுங்கும் அந்தக் கையின் பின்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடந்தது. மருத்துவர் வந்து, மூக்கின் வழியாக இரைப்பைக்குள் குழாயைச் செலுத்தித் தேங்கியதை வெளியேற்றி, நீரும் மருந்தும் உள்ளே அனுப்பத் தொடங்கியதும், அம்மா கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே சென்று கதவைத் தாழிட்டு, தம் பழைய இடத்தில் நின்றுகொண்டார். மேய்ச்சல் நிலத்தில் குதிரைகள் படுத்து உறங்கும்போது அவற்றில் ஒன்றாவது விழித்து நின்று காவல் காக்கும். விடியும்வரை அவர் அப்படித்தான் நின்றார். ஓசை திரும்ப வந்ததும் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். அதன் பிறகு அவர் ஒருநாளும் உள்ளே வரவில்லை.

ஆனால் மறுநாளே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். முதல் பக்கத்தில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று கட்டங்கள். தொட்டியில் நீர் இருப்பதைப் பார்த்தாயிற்றா என்று அவற்றில் குறிக்க வேண்டும். அவர் என்னைக் கடிந்துகொண்டதே இல்லை. அந்த மூன்று கட்டங்கள் மட்டும்தான். பிறகு ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனிப் பக்கம் வந்தது. குளம்பு வெட்டிய நாள், ஆண்டுக்கொருமுறை பல்லின் கூர்விளிம்பை அராவிய நாள், நாடி, உடல் வெப்பம், நாடாவால் அளந்த மார்புச் சுற்றளவு. நான் உள்ளேயிருந்து உரக்கச் சொல்வேன், அவர் வேலியின் மேல் குறிப்பேட்டை வைத்து எழுதுவார். ஒரு குதிரையைக்கூடத் தடவிக்கொடுத்திராத அவருக்கு, எங்கள் குதிரைகள் ஒவ்வொன்றின் இயல்பான நாடியும் மனப்பாடம்.

அந்தச் செந்நிறக் குதிரையின் மகள் சினைப்பட்டபோது அம்மா நோய்வாய்ப்பட்டிருந்தார். படுக்கையில் இருந்தபடியே 340 நாட்களைக் கணக்கிட்டுக் குட்டி பிறக்க வேண்டிய தேதியை எழுதினார். அதன் கீழே மூன்று கட்டங்களும் வரைந்தார். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நச்சுக்கொடி விழ வேண்டும். அந்தத் தேதிக்கு ஏழு வாரங்கள் முன்னதாக அம்மா காலமானார்.

குட்டி அவர் குறித்த நாளைவிட ஒன்பது நாள் தாமதித்து, விடியலுக்கு முந்தைய இருளில் பிறந்தது. ஐம்பது நிமிடத்தில் நான்கு கால்களையும் அகட்டி ஊன்றி நின்றது. ஒன்றரை மணி நேரத்தில் தாயின் மடியைக் கண்டுபிடித்தது. நச்சுக்கொடியும் உரிய நேரத்தில் முழுதாக விழுந்தது. மூன்று நேரங்களையும் ஒவ்வொன்றாக, வழக்கம்போல் வேலியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, அவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் வரைந்துவைத்த கட்டங்களில் நானே எழுதினேன்.