சீகை வெட்டும் வரை

டிசம்பர் 18

இரவு முழுவதும் மேகம் நின்றது. உறைபனி விழவில்லை.

டிசம்பர் 21

நேற்று மாலையே வானம் தெளிந்து காற்றும் அடங்கிவிட்டதால் பனி விழும் என்று தெரிந்தது. நீலகிரியில் அவலாஞ்சிக்கு மேலுள்ள புல்வெளிப் பள்ளத்தில், விடியும் முன், தரையை ஒட்டி வைத்திருந்த வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே மூன்று பாகை காட்டியது. சோலையின், அதாவது மலைமடிப்புகளில் நிற்கும் பசுமைமாறாக் காட்டின், விளிம்பைத் தாண்டிச் சற்று உள்ளே வைத்திருந்ததில் ஐந்து பாகைக்கும் மேல் இருந்தது. மேலே கவிந்திருக்கும் கிளைகள்தாம் தரையின் வெப்பத்தை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. வெட்டவெளியில் அந்தத் தடுப்பு கிடையாது. குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. புல்லுக்குள் முளைத்திருந்த, சோலை மரமான நாவலின் கன்றுகள் மதியத்துக்குள் கருகிவிட்டன. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரக் கன்றின் இறகு இலைகளில் ஒரு வாட்டமும் இல்லை.

டிசம்பர் 22

சீகைக் கன்று இன்றும் பச்சையாகவே நிற்கிறது.

டிசம்பர் 27

இந்தப் புல்வெளியைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் காட்டை அழித்ததால் வந்த வெற்றிடம் என்றே எண்ணுகிறார்கள். மரம் நடுவதை நற்செயலாகவும் புல்லை வெறுமையாகவும் பார்க்கப் பழகிய கண்களுக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லை. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் சுகுமாரின் குழுவினர் 1993-இல் வெளியிட்ட முடிவு இதற்குத் தெளிவான மறுப்பு. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மனிதக் கை பெரிதாகப் படுமுன், இங்கே புல் இருந்தது. மழை கூடிய காலங்களில் மரங்கள் விரிந்தன, வறண்ட காலங்களில் புல் விரிந்தது. அந்த நீண்ட இழுபறியில் மரத்தின் பக்கம் திடீரெனப் பாரத்தை ஏற்றியது நாம் கொண்டுவந்த சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்)தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலங்களில் 1973-க்கும் 2017-க்கும் இடையே சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதாவது இருந்ததில் 23 விழுக்காடு, போய்விட்டது.

ஜனவரி 3

சீகையை எங்கே முதலில் அகற்றுவது என்பது பற்றி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஜனவரி 9

பழைய சீகைத் தோப்புக்குள் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிச் சலித்துப் பார்த்தேன். சிறிய, கறுத்த, வழவழப்பான விதைகள். நகத்தால் கீறினாலும் எளிதில் கீறல் விழாத தோல். பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீயோ, மரம் போனதும் விழும் வெயிலோ பட்டால் எழுந்துவிடும். மரத்தை வெட்டி லாரியில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களை இந்த மண்ணின் முன்னால் உட்காரவைக்க வேண்டும்.

ஜனவரி 10

மேகம். வெப்பமானிகளின் பக்கம் போகவில்லை.

ஜனவரி 17

சீகையை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அயல் தாவரங்களை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் தொடர்ந்து வலியுறுத்துகிறது, 2022-இல் மாநில அரசின் கொள்கையும் வந்துவிட்டது. இவை நெடுநாள் கேட்டுக் கிடைத்தவை. என் கவலை எங்கே தொடங்குவது என்பதைப் பற்றியது. கிழக்குச் சரிவின் முதிர்ந்த தோப்பில், சீகை நிழலின் பாதுகாப்பில், சோலை மரக் கன்றுகள் இடுப்புயரம் வளர்ந்திருக்கின்றன. அங்கே ஒரே மூச்சில் வெட்டினால் அவை பனியில் போகும், மண்ணிலிருந்து புதிய சீகை எழும், இரண்டும் கெட்டுவிடும். மாறாக, மேற்கு முகட்டில் புல்லுக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கும் இளங்கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். மழை பெய்து மண் இளகிய நாளில் ஒரு சிறுவனால்கூட முடியும். அதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் செய்ய ஆள் வேண்டும், பணம் வேண்டும். ஆனால் வெட்டும் மரத்துக்குத்தான் ஒப்பந்தம் இருக்கிறது. பிடுங்கும் கன்றுக்கு இல்லை.

ஜனவரி 26

மந்திலிருந்து (தோடர் குடியிருப்பு) வந்த தோடர் பெரியவர் முகட்டைக் காட்டி, "இந்தப் பக்கம் எருமை மேய்ஞ்ச இடம் அம்மா, இப்ப உள்ளே நுழையவே வழியில்லை" என்றார். கோயிலுக்குக் கூரை வேயச் சதுப்புப் புல் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறதாம். எந்தச் சரிவில் எந்த ஆண்டு சீகை நட்டார்கள் என்று அவர் வரிசையாகச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். என் வரைபடத்தில் அந்த விவரம் இல்லை.

ஜனவரி 29

மீண்டும் உறைபனி, பூஜ்யத்துக்குக் கீழே நான்கு. சீகைக் கன்றின் நுனி மட்டும் சற்றே கருகியிருந்தது. அடியில் புதுத் துளிர்.

பிப்ரவரி 2

வெட்டுபவர்கள் வந்துவிட்டார்கள். கிழக்குச் சரிவில்தான் கூடாரம் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 4

முதிர்ந்த மரங்களில் சிவப்பு வண்ணம் பூசி எண் எழுதியிருக்கிறார்கள். கீழே நிற்கும் சோலைக் கன்றுகளுக்கு எந்த அடையாளமும் இல்லாததால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மரம் சாயும் திசையை மாற்றிப் பார்க்கலாம் என்றார், ஆனால் எந்த மரத்தை விடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்றார். அதிகாரம் உள்ளவர் நாளை மறுநாள் வருகிறாராம். பாதிச் சரிவுக்கு இன்னும் துணி கட்ட வேண்டும்.