ஆதிசேஷனைத் தடவிக்கொடுக்கும் கை

அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை. அம்மா போனபிறகு இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்டவை இரண்டுதான். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை யாருக்கும் கொடுத்துவிடாதே என்றார். அதன்பின், வருஷத் திவசம் முடிந்த மூன்றாம் நாள், "மெய்யரைப் போய்ச் சேவிச்சுட்டு வந்துருவோமா ஆத்தா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாகக் கோயில் படி மிதிக்காத வீடு. முதல் கோயிலாக எதைச் சொன்னாலும் கிளம்பியிருப்பேன். மெய்யர் பள்ளிகொண்டிருக்கும் திருமயத்துக்கு மட்டும் போகத் தயக்கமாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் காரைக்குடி பஸ் ஏறினால் 20 கிலோமீட்டர்தான். ஊர் வருவதற்கு முன்னாலேயே பாறை தெரிந்துவிடும். தட்டையான செம்மண் பூமியில், கண்மாய்க்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே, யாரோ தூக்கிவைத்தது போல ஒரே கல்மலை. அதைச் சுற்றிச் சுற்றி மதில். சின்ன வயதில் புரட்டாசிக்குப் புரட்டாசி நான்கு பேரும் வருவோம். மலை தெரிந்ததும் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அன்று அப்பா போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

திருமெய்யம் என்பதுதான் பேச்சில் திருமயம் ஆகிவிட்டது. மலைக்கு சத்தியகிரி என்று பெயர். பெருமாள் சத்தியமூர்த்தி, தாயார் உய்யவந்த நாச்சியார், தீர்த்தம் சத்திய புஷ்கரணி. பக்கத்திலேயே அதே பாறையில் குடைந்த கருவறையில் சத்தியகிரீசுவரர். ஊரே மெய்யில்தான் நிற்கிறது. இங்கே 1887-இல் பிறந்த பிள்ளைதான் பின்னாளில் தீரர் சத்தியமூர்த்தி ஆனார். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான் என்பதால், சென்னைக்காரர்கள் வாயிலும் இந்தப் பெருமாள் பெயர் தெரியாமலே புழங்கிக்கொண்டிருக்கிறது.

108 திவ்யதேசங்களில் இதுவும் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடி மங்களாசாசனம் செய்த தலம். முதலில் நின்ற திருக்கோலத்தில் சத்தியமூர்த்தியைச் சேவித்துவிட்டு, அடுத்துதான் குகைக்குள் மெய்யரிடம் போக வேண்டும். கூட்டமே இல்லை. எங்களைத் தவிர, கைக்குழந்தையோடு வந்த ஒரு இளம் தம்பதி மட்டும்.

குகைக்குள் நுழைந்ததும் முதலில் எதுவும் தெரியாது. வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு வெறும் இருட்டு, எண்ணெய் வாசனை, துளசி வாசனை, காலடியில் கல்லின் குளிர்ச்சி. மெல்ல மெல்ல ஒரு கரிய நீளம் புலப்படும். மலைப்பாறையிலேயே குடைந்து வடித்த பெருமாள். தென்னாட்டின் மிகப் பெரிய சயனத் திருமேனிகளில் ஒன்று. முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். பட்டர் தீபத்தைத் தூக்கிப் பிடித்து முகத்திலிருந்து தொடங்கினார்.

"திருமுக மண்டலம் சேவிச்சுக்கோங்கோ. கண்ணை முழுக்க மூடலை பாருங்கோ. உதட்டுல சிரிப்பு. இதோ, திருக்கரம் ஆதிசேஷன்கிட்ட நீண்டிருக்கு."

வெளிச்சம் நகர நகர, பின்சுவரில் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தாமரையில் பிரம்மா, தேவர்கள், ரிஷிகள், கருடன். பாறை நெடுக நெருப்பு ஜுவாலை. திருவடிப் பக்கம் ஓடுகிற கோலத்தில் மதுவும் கைடபனும். அடியில் ஒதுங்கிய பூமிதேவி.

கதை தெரிந்திருக்கும். பெருமாள் யோக நித்திரையில் இருக்கும்போது மதுவும் கைடபனும் தேவிமாரைக் கவர்ந்து போக வந்தார்கள். பூதேவி திருவடியில் ஒளிந்தாள், ஸ்ரீதேவி திருமார்பில் ஒடுங்கினாள். எழுப்பினால் நித்திரை கெடுமே என்று ஆதிசேஷன் தானாகவே விஷ ஜுவாலையைக் கக்க, அசுரர்கள் ஓடிப்போனார்கள். ஆபத்து தீர்ந்த பிறகுதான் ஆதிசேஷனுக்குப் பயம் பிடித்தது. சுவாமியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டோமே என்று படத்தைச் சுருக்கிக்கொண்டான். கண்விழித்த பெருமாள் கையை நீட்டி அவனைத் தடவிக்கொடுத்தார்.

"பாவம்டி அந்தப் பாம்பு," என்பாள் அம்மா. சிறுவயதில் எனக்கு ஜுவாலைதான் பிடிக்கும். ஓடும் அசுரர்களைக் காட்டச் சொல்லி நச்சரிப்பேன். அம்மாவுக்கு எப்போதும் அந்தக் கைதான். "நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சுட்டுக் கெடந்து தவிக்குது பாரு. அதத்தான் தடவிக்குடுக்குறாரு."

நான் திருமயம் வரப் பயந்ததற்குக் காரணம் அந்தக் கதைதான். போன வருஷம் ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா ஊரில் இருந்தார். போன் எடுக்கவில்லை. மழை, அவர் தெருவில் கரண்ட் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அரைமணி நேரம் அடித்துப் பார்த்தேன். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அம்மா அதன்பின் கண் திறக்கவில்லை. விடிந்து அப்பா வந்து சேர்ந்தபோது என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. ஏன் போட்டாய் என்றும் கேட்கவில்லை, நல்லது செய்தாய் என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக அந்தக் கேட்காத கேள்வியோடுதான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் பட்டர் அந்தக் கரத்தின் மேல் தீபத்தை நிறுத்தியபோது என்னால் நிமிர முடியவில்லை. தலைகுனிந்துதான் நின்றேன். "அம்மா, நன்னா சேவிச்சுக்கோங்கோ, கரத்தைப் பாருங்கோ," என்று அவர் மறுபடியும் சொன்னார். பார்த்தேன். அதில் அவசரம் இல்லை, அதட்டல் இல்லை. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைத்த கைபோல இருந்தது. தீர்த்தம் வாங்கும்போது என் உள்ளங்கை நடுங்கிப் பாதி கீழே சிந்தியது. அப்பா அவருடைய கையை என் கைக்கு அடியில் கொடுத்தார். இரண்டாவது தடவை பட்டர் இரண்டு கைக்கும் சேர்த்துத் தீர்த்தம் விட்டார். சடாரி சாதித்தார். துளசியை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்திலேயே சிவன் கோயில். பெருமாளைச் சேவித்துவிட்டு சத்தியகிரீசுவரரைப் பார்க்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். தாய்ப்பாறையிலேயே செதுக்கிய லிங்கம். எதிரே பாறையில் லிங்கோத்பவர். அம்பாள் வேணுவனேசுவரி. மூங்கில் வனமாக இருந்த இடமாம், பெயரிலேயே மூங்கில் இருக்கிறது. இந்தக் கோயிலில் ஒரு காலத்தில் குடுமியான்மலையில் உள்ளது போல இசைக் கல்வெட்டு இருந்திருக்கிறது. பிற்காலக் கல்வெட்டுக்காக அதைச் சிதைத்துவிட்டார்கள். எஞ்சியதில் 'பரிவாதினி' என்ற வீணையின் பெயர் தெரிகிறது. பாட்டெழுதிய பாறையில் பின்னால் வேறு எதையோ எழுத வேண்டியிருந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும்.

இரண்டு கோயிலுக்கும் நடுவே வழக்கும் இருந்திருக்கிறது. ஒரே பாறை, ஒரே ஊர், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டை. ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் 1245-இல் சமாதானம் செய்துவைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது இன்னொரு செய்தி: சாத்தன் மாறன் என்ற முத்தரையர் தலைவனின் தாய், பெரும்பிடுகு பெருந்தேவி, இந்தப் பெருமாள் கோயிலைப் புதுப்பித்து நிலம் கொடுத்திருக்கிறாள். யார் எவ்வளவு பங்கு வாங்கினார்கள் என்பதைவிட, ஒரு தாய் கொடுத்தாள் என்பதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். காலையிலேயே வந்துவிடுங்கள். பிறகு கோட்டை.

அப்பாவுக்கு முழங்கால் வலி. கோட்டை வாசல் நிழலில் உட்கார்ந்துகொண்டு, "நீ ஏறிட்டு வா. பீரங்கி இருக்கான்னு பாத்துட்டு வா," என்றார். சின்ன வயதில் தம்பியும் நானும் அந்தப் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறோம். இருக்கிறது. உச்சி மேடையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கோட்டை 1687-இல் ராமநாதபுரம் சேதுபதிகள் கட்டியது. பின்னால் தொண்டைமான்கள் கைக்கு வந்து புதுக்கோட்டைச் சீமையின் கோட்டை ஆனது. ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது மிஞ்சியது நான்கு. ஊர்க்காரர்கள் வாயில் இது ஊமையன் கோட்டை. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையை இங்கே வைத்திருந்ததாகச் சொல்லித்தான் எல்லோரும் பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டுகிறார்கள். பாதி வழியில் செங்குத்துப் பாறையில் இரும்பு ஏணி. அதன் மேல் குடைந்த ஒரு சின்ன அறையில் தனியாக ஒரு லிங்கம். காவலுக்கு நின்ற எத்தனை சிப்பாய்கள் அந்த வாசலில் கும்பிட்டிருப்பார்களோ. நான் ஏணியில் ஏறவில்லை, கீழே நின்றே கும்பிட்டேன். பாறை வெயிலில் கொதிக்கும்; தண்ணீர் கையில் இருக்கட்டும்.

மேலிருந்து பார்த்தால் கண்மாய்கள் தகடுபோல மின்னும். கீழே இரண்டு கோயிலின் கோபுரங்கள். நாம் நிற்கும் பாறைக்குள்ளேதான் மெய்யர் பள்ளிகொண்டிருக்கிறார் என்பது அங்கே நிற்கும்போது திடீரென்று உறைக்கும். மேலே பீரங்கி, அடியில் யோக நித்திரை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். காற்று நன்றாக அடித்தது.

இறங்கி வந்தபோது அப்பா ஒரு பொட்டலம் வேர்க்கடலையை உரித்து எனக்கென்று காகிதத்தில் தனியாக வைத்திருந்தார். என் கண்ணைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி போன எடுத்திருந்தாலும், போடு ஆத்தான்னுதான் சொல்லியிருப்பேன். எனக்குக் கையே ஓடியிருக்காது. ஒன்னையப் பெத்தவளுக்கு அது தெரியும்."

நான் எதுவும் சொல்லவில்லை. கடலையைத் தின்றேன்.

கிளம்பும்முன் கோட்டை பைரவர். கோட்டையின் வெளிமதிலிலேயே, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிறார். லாரியோ காரோ பஸ்ஸோ, நின்று கும்பிட்டுச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் தாங்காது. அன்று ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிதறுகாய் உடைத்தார். ஓடு எங்கள் காலடி வரை தெறித்து வந்தது. அப்பா குனிந்து ஒரு சில்லை எடுத்து, ஊதித் துடைத்து, பாதியை என்னிடம் நீட்டினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்தான். ஊர் தாண்டியதும் பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்தார். அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. அதைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. சட்டைப்பையில் இருந்த துளசியைக் கண்ணாடிமேல் வைத்துக் கூட்டை மூடினார். மூடியபிறகு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை வரும்வரை எடுக்கவில்லை.