போலி பி.எட். சான்றிதழ்: சரிபார்த்த விதமும் பிறகு நடந்ததும்

தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும், உண்மைத்தன்மை கேட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதுவதும் என் பொறுப்பு. கணக்கு ஆசிரியை வேலைக்குத் தேர்வான ஒரு பெண்ணின் பி.எட். சான்றிதழ் போலி என்று தெரியவந்தது. என்னைப் போல அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும், எங்கோ பணம் கட்ட யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

பார்வைக்கு அந்தச் சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. தாள், முத்திரை, பளபளக்கும் ஹாலோகிராம் எல்லாம் கச்சிதம். ஆனால் மதிப்பெண் பட்டியலில் 2018-19 என்று ஒரே ஒரு கல்வியாண்டு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்சிடிஇயின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு, 2015-16இலிருந்து பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. அங்கேதான் எனக்குத் தட்டியது.

"டீச்சிங் பிராக்டிஸ் எந்த ஸ்கூல்ல பண்ணீங்கம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சென்டர்லயே பார்த்துக்கிட்டாங்க மேடம். ரெக்கார்டு நோட்டும் அவங்களே போட்டுட்டாங்க. தபால் வழிதானே."

பி.எட். படிப்பைத் தொலைநிலையில் யார் வேண்டுமானாலும் படித்துவிட முடியாது. பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சியை நேரடியாக முடித்தவர்களுக்குத்தான் அந்த வழி. இவர் பி.எஸ்சி. முடித்த கையோடு சேர்ந்தவர்.

அடுத்து யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அவர்கள் அவ்வப்போது வெளியிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் வந்ததில் 20 பெயர்கள், அதில் 8 டெல்லியில். சான்றிதழில் இருந்த பெயர் போலிப் பட்டியலில் இல்லை. பலர் இதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். போலிப் பட்டியலில் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பார்த்தேன். வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் இருந்தது, ஆனால் ஒரு சொல் மட்டும் வேறு. நிஜமான பெயரை லேசாக மாற்றி அச்சடித்திருந்தார்கள்.

சான்றிதழின் பின்பக்கம் 'சரிபார்ப்புக்கு' என்று ஒரு செல்போன் எண்ணும் ஜிமெயில் முகவரியும் இருந்தன. எங்கள் தாளாளர் அந்த எண்ணுக்குப் போன் செய்யச் சொன்னார். எடுத்தவர் பதிவெண்ணைக் கேட்டார், கொஞ்ச நேரத்தில் "ஜென்யூன் மேடம்" என்றார், மாலைக்குள் லெட்டர்பேடில் கடிதமும் மெயிலில் வந்தது. நிஜப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த வேகமே சரியாகப் படவில்லை. போலிச் சான்றிதழ் விற்கிறவர்கள் சரிபார்க்கும் ஆளையும் சேர்த்தே ஏற்பாடு செய்கிறார்கள். சான்றிதழில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பவே கூடாது.

யுஜிசி பட்டியலிலிருந்து முகவரியை எடுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு நகலோடு பதிவுத்தபால் அனுப்பினேன். கட்டணத்துக்கு டிடி இணைத்தேன். பதில் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாக வந்தது: இந்தப் பதிவெண்ணில் எங்களிடம் யாரும் படிக்கவில்லை, இந்தச் சான்றிதழ் எங்களால் வழங்கப்பட்டதல்ல.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்ன நாளை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. அப்பா நகையை அடகு வைத்துத் தவணை தவணையாகக் கட்டியிருக்கிறார். பரீட்சையையும் ஒரு கல்யாண மண்டப மாடியில் எழுத வைத்திருக்கிறார்கள். ஏமாற்ற நினைத்திருந்தால் என் கேள்விக்கெல்லாம் அவ்வளவு வெள்ளந்தியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார். வேலை கொடுக்க முடியாது; ஆனால் அவரைக் குற்றவாளியாக நடத்தவும் எனக்கு மனம் வரவில்லை. தாளாளரிடம் பேசினேன், ஒப்புக்கொண்டார்.

அவருடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் பி.எஸ்சி. ஒரிஜினலும் இன்னும் அந்த சென்டர்காரரிடமே இருந்தன. 'மீதிப் பணம் கட்டினால்தான் தருவேன்' என்று சொல்லியிருக்கிறார். எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவில் மனு கொடுத்தோம். வங்கிப் பரிமாற்றங்கள், சென்டர் கொடுத்த ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகளின் பிரிண்ட், பல்கலைக்கழகத்தின் பதில் எல்லாவற்றையும் வரிசையாக இணைத்தோம். பணம் போனதெல்லாம் ஒரு தனிநபர் கணக்குக்கு. அதுதான் மனுவுக்கு வலு சேர்த்தது. குற்றம் நடந்த காலத்தை வைத்துப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, 468, 471 பிரிவுகள் பொருந்தும் என்று வக்கீல் சொன்னார். மனு ஏற்புச் சீட்டை வாங்காமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

யுஜிசிக்கும் புகார் அனுப்பினோம். அப்போதுதான் 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டத்தைப் படித்தேன். 22ஆம் பிரிவு, யார் பட்டம் வழங்கலாம் என்று சொல்கிறது. மீறினால் 24ஆம் பிரிவின்படி அபராதம்: அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். ஒரு குடும்பத்தின் நகையையும் ஒரு பெண்ணின் வருடங்களையும் விழுங்கியவனுக்கு ஆயிரம் ரூபாய்! இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

விசாரணைக்குக் கூப்பிட்டதும் அந்த ஆள் ஒரிஜினல்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பணம் இன்னும் வரவில்லை, வழக்கு நடக்கிறது. அந்தப் பெண் இப்போது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எட். முதலாண்டு படிக்கிறார். எங்கள் பள்ளியில், உண்மைத்தன்மை வந்த பிறகே பணி உறுதி என்று நியமன ஆணையிலேயே எழுதுகிறோம். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பட்டம் ஏறியிருந்தால் என் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்கிறேன்.