பாட்டியின் சிவப்பு ஐசி

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் பாட்டிக்கு மட்டும்தான் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) 1953இல் பிறந்தவர். அதே லயத்தில் 1959இல் பிறந்த அவர் தம்பிக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி. மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்குப் பின் பிறந்ததால் சின்னத் தாத்தா பிறக்கும்போதே குடிமகன். 1957 ஆகஸ்ட் 31க்கு முன் பிறந்தவர்களில் பலர் மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. விடிவதற்குள் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

என்னை உறுத்தியது எஸ்.டி.ஆர். என்னும் அரசாங்க உதவித்தொகை. துணையில்லாத முதியவருக்கு மாத வருமானம் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் இல்லையென்றால் கிடைக்கும், குடிமக்களாக இருந்தால். மனைவியை இழந்த சின்னத் தாத்தா பணம் வந்ததும் அக்காவுக்கு இறால் வாங்கிக்கொண்டு வருவார். "எனக்கு அரசாங்கமே என் தம்பிதான்" என்று பாட்டி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அரசியலமைப்பின் 16ஆவது பிரிவின்கீழ் பாட்டியின் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்திருக்க வேண்டும், கடைசி ஏழு ஆண்டுகளில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஓரளவு மலாய் தெரிய வேண்டும். சரி, எல்லாம் இருக்கிறது என்று நினைத்தேன். பிறப்புப் பத்திரம் இல்லை! தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பழைய ஆபீஸ் பதிவேடு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் இன்னும் வருவார்கள். அங்கே போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். எண்பது தாண்டிய ஒரு ஆயா, "இவ பொறந்தன்னைக்கு வெந்நீர் தூக்குனதே நான்தான்" என்றார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சத்தியப் பிரமாணம் வாங்கினோம். வழியில் இரண்டு முறை தேநீர் குடிக்க நிறுத்தச் சொன்னார்.

நேர்காணலில் தீபாவளிக்கு என்ன சமைப்பீர்கள் என்று மலாயில் கேட்டார்கள். பாட்டி பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், ஆட்டுக்கறிக் குழம்புக்கு மசாலா அரைப்பதிலிருந்து ஆரம்பித்துவிட்டார். போதும் என்று அவர்களே நிறுத்தினார்கள். அப்புறம் காத்திருப்புதான், இரண்டு ஆண்டுக்கு மேல்.

நீல ஐசி வந்த வாரமே எஸ்.டி.ஆருக்குப் பதிந்தேன். "அப்படின்னா இனி நான் இறால் வாங்கியாற வேண்டாமா அக்கா?" என்று சின்னத் தாத்தா கேட்டார்.

"வாங்கிட்டு வா. யாரு வேணாம்னா?" என்றார் பாட்டி.