பேக்கப் ஸ்கிரிப்டுக்கு நிறம் பூசிய கதை

பெங்களூருவில் நான் வேலை பார்க்கும் இடத்தில் தினமும் பேக்கப் எடுக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் உண்டு. பாஷ் என்பது ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்; ஸ்கிரிப்ட் என்பது அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல். திரையில் வரிகள் கடகடவென்று ஓடும். நடுவில் ஒரு ஃபைல் காப்பி ஆகாவிட்டால் கண்ணில் படாது. பிழையை மட்டும் சிவப்பாக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இதற்கு லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம். வரிக்கு முன்னால் இவற்றை அச்சிட்டால் போதும்: ஆக்டலில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில்) 033 என்று எழுதும் எஸ்கேப் எழுத்து, ஒரு திறக்கும் சதுர அடைப்புக்குறி, நிற எண், கடைசியில் சின்ன எம். 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள். வரி முடிவில் 0 போட்டு நிறத்தைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்து வருவதெல்லாம் சிவப்புதான். இந்த எஸ்கேப் முறையைப் பரவலாக்கியது 1978-இல் வந்த விடி100 டெர்மினல் (கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும்). அதற்கோ நிறமே கிடையாது!

என் லேப்டாப்பில் வரியை அச்சிடும் எக்கோ கட்டளைக்கு, எஸ்கேப் குறிகளைப் புரிந்துகொள்ளச் சொல்லும் மைனஸ் இ கொடுத்ததும் நிறம் வந்தது. உபுண்டு சர்வரில் அதே ஸ்கிரிப்டை எஸ்ஹெச் வழியாக ஓட்டினால் அந்த மைனஸ் இ-யும் சேர்ந்து அச்சானது. அங்கே எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் வரும் ஷெல் பாஷ் இல்லை, டேஷ் என்ற வேறொன்று. பிரிண்ட்எஃப் என்ற இன்னொரு அச்சிடும் கட்டளைக்கு மாறினேன், இரண்டிலும் ஒழுங்காக வந்தது.

உண்மையான தலைவலி, ஸ்கிரிப்ட் அச்சிடுவதைச் சேமித்துவைக்கும் லாக் ஃபைலில். வரியின் தொடக்கத்தில் 'பிழை' இருக்கிறதா என்று கிரெப் (ஃபைலில் சொல் தேடும் கட்டளை) தேடினால் ஒன்றும் சிக்கவில்லை, எஸ்கேப் எழுத்து முன்னால் உட்கார்ந்திருந்தது. வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று பார்க்கும் மைனஸ் டி 1 என்ற ஷெல் சோதனையை வைத்துச் சோதித்து, ஆம் என்றால் மட்டும் நிறம் என்று மாற்றினேன். கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரலில்) ஓடும்போது நிறம் தானாக நின்றது. ஆனால் வெளியீட்டைத் திரைக்கும் ஃபைலுக்கும் சேர்த்து அனுப்பும் டீ கட்டளைக்குப் பைப் செய்தபோது (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுத்தபோது) திரையிலும் நிறம் போய்விட்டது. பைப் டெர்மினல் ஆகாதே. கடைசியில் டீயை விட்டுவிட்டு, ஒரு சின்ன ஃபங்ஷனே திரைக்கு நிறத்தோடும் ஃபைலுக்கு வெறுமையாகவும் எழுதும்படி செய்தேன்.

அல்சூரிலிருந்து வரும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்பா" என்றார். அதனால் 'பிழை', 'சரி' என்ற சொற்களும் வரியிலேயே இருக்கின்றன. நீலத்தைத் தொடவில்லை. கறுப்புத் திரையில் 34-ஐப் படிக்க முயன்றவர்களுக்குக் காரணம் தெரியும்.