எட்டுப் பேர், இரண்டு போர்ட், ஏழு இரவு: வன்னியில் ஒரு டார்ட்ஸ் பருவம்

இங்கிலாந்தில் வியாழன் இரவு 7 மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் டார்ட்ஸ், அதாவது வட்டப் போர்ட்டில் சிற்றம்பு எறியும் போட்டி, பெப்ரவரியில் எங்களுக்கு வெள்ளி அதிகாலை 12.30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய பிறகு அது இரவு 11.30 ஆகிவிடும். காலபோக அறுவடை முடிந்து கை ஓயும் காலமும் அதுதான். கைபேசியில் இரண்டு கிழமை பார்த்தவருக்கு, ஊர் வாசிகசாலையில் அதே மாதிரி ஒரு லீக் நடத்தலாமே என்று தோன்றும். நடத்தலாம். ஆனால் அங்கேயுள்ள அமைப்பை அப்படியே எடுத்தால் மூன்றாம் இரவுக்குள் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். ஏன் என்பது கணக்கிலேயே தெரியும்.

2022 முதல் அங்கே 8 பேர், 16 இரவுகள். ஒவ்வோர் இரவும் கால் இறுதி, அரை இறுதி, இறுதி. லெக் என்பது 501இலிருந்து எறிந்தெடுத்ததைக் கழித்துக்கொண்டே போய், கடைசி அம்பை டபுளில் (எண்ணை இரு மடங்காக்கும் வெளி வளையத்தில்) போட்டுச் சரியாகப் பூச்சியத்தில் முடிப்பது. ஆட்டத்தில் முதலில் 6 லெக் எடுப்பவர் வெற்றி. இரவை வென்றவருக்கு 5 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 3, அரை இறுதியில் தோற்ற இருவருக்கும் தலா 2, முதல் ஆட்டத்தில் தோற்ற நால்வருக்கும் ஒன்றுமில்லை. 1 முதல் 7 வரையும் 9 முதல் 15 வரையும் கால் இறுதிச் சோடிகள் முன்பே குறிக்கப்பட்டவை. எல்லாரும் எல்லாரையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை சந்தித்துவிடுவார்கள். 8ஆம், 16ஆம் இரவுகளில் பட்டியலைப் பார்த்து முதலாமவருக்கு எட்டாமவர், இரண்டாமவருக்கு ஏழாமவர் என்று சோடி சேர்ப்பார்கள். 16 இரவும் அரை இறுதியோடு நிற்பவருக்கு 32 புள்ளி. நான்கு இரவை வென்று மிச்சம் 12 இரவும் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 20 புள்ளிதான். இந்தப் பட்டியல் நிதானக்காரருக்குச் சாதகமானது.

முதல் நால்வர் லண்டன் ஓ2 அரங்குக்குப் போனபின் புள்ளிக்கு வேலையில்லை. அரை இறுதி 10 லெக், இறுதி 11 லெக் முதலில் எடுப்பவருக்கு. 2024இல் லூக் லிட்லர் பட்டியலிலும் முதலாவதாக வந்து, இறுதியில் 501ஐ முடிக்கக்கூடிய மிகக் குறைந்த எண்ணிக்கையான ஒன்பது அம்பில் லெக் ஒன்றும் எடுத்து லூக் ஹம்ப்ரீஸை 11-7 என வென்றார். 2025இல் அதே லிட்லர் 16 இரவுகளில் 6ஐ வென்று முதலிடத்தில் நின்றும் இறுதியில் ஹம்ப்ரீஸிடம் 8-11 என்று தோற்றார்.

இனி எங்கள் கணக்கு. அவர்கள் ஒரு லெக்கை 15 அம்பு அளவில் முடிக்கிறார்கள். மூன்று அம்புச் சராசரி 100. ஊரில் நன்றாக எறிபவருக்கே 30 அம்பு தேவைப்படும், சராசரி 50. முறைக்கு மூன்று அம்பு என்பதால் ஆளுக்கு 10 முறை, இருவருக்கும் 20 முறை. எறிந்து, கூட்டி, பிடுங்கி வர ஒரு முறைக்கு 20 செக்கன் வைத்தால் லெக் ஒன்று 7 நிமிடத்துக்குக் கிட்ட. ஓர் ஆட்டம் 9 லெக் போனால் ஒரு மணித்தியாலம். இரவுக்கு 7 ஆட்டம். மாலை 6.30க்குத் தொடங்கினால் ஒரே போர்ட்டில் அதிகாலை 1.30 ஆகும். அதைவிடப் பெரிய குறை, மாங்குளத்தில் இருந்தோ புதுக்குடியிருப்பில் இருந்தோ மோட்டார் சைக்கிளில் வந்தவர்களில் பாதிப்பேர் ஓர் ஆட்டத்தோடு திரும்ப வேண்டும். தோற்பவருக்குத்தான் பயிற்சி கூடத் தேவை. அவருக்கே ஆட்டம் குறைவு.

2022க்கு முன் அந்த லீக்கிலேயே இருந்த முறை எங்களுக்குப் பொருந்தும். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவது, பருவத்தின் முதற்பகுதியில் ஆட்டத்துக்கு 12 லெக் உச்சம், 6-6 என்றால் சமநிலை, வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. அதைச் சுருக்கி 4 லெக் உச்சம் என்று வையுங்கள்: 3 எடுத்தால் வெற்றி, 2-2 சமநிலை. இரட்டை எண்ணில் ஒரு நேர்மை இருக்கிறது. 501இல் முதலில் எறிபவருக்கு எப்போதும் ஒரு முறை முன்னிலை உண்டு. 4 லெக்கும் நடந்தால் ஆளுக்கு இரண்டு தொடக்கம், யாருக்கும் மனக்குறை வராது. முதல் தொடக்கத்தை நடுப்புள்ளிக்கு எறிந்து தீர்த்துக்கொள்ளலாம்.

சோடி சேர்க்க 1ஐ அசையாமல் வைத்து மற்ற ஏழு எண்களையும் வட்டமாக ஒவ்வோர் இடம் நகர்த்துங்கள். முதல் சுற்று 1-8, 2-7, 3-6, 4-5. அடுத்தது 1-7, 8-6, 2-5, 3-4. இப்படி 7 சுற்றில் எல்லாரும் எல்லாரையும் சந்திப்பார்கள். இரு தரம் என்றால் 14 சுற்று. இரவுக்கு இரண்டு சுற்று, இரண்டு போர்ட், போர்ட்டுக்கு நான்கு ஆட்டம்: 9 மணிக்குள் வீடு. ஒரு நேரத்தில் நால்வர் ஆடும்போது நால்வர் சும்மா இருப்பார்கள். போர்ட்டுக்கு ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் வெண்பலகையில் எழுத, வெளியாள் தேவையில்லை. புள்ளி சமமானால் லெக் வித்தியாசம், அதுவும் சமமானால் எதிராளி தொடங்கிய லெக்குகளில் எத்தனை எடுத்தார் என்பது. இதை எழுதிவைக்காமல் பருவத்தைத் தொடங்க வேண்டாம்.

பெப்ரவரி இரண்டாம் சனியில் தொடங்கினால் 7 இரவும் நால்வர் இறுதி இரவும் சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முடிந்து, ஒரு கிழமை கையில் மிஞ்சும். சிவராத்திரிக்கோ புளியம்பொக்கணைப் பொங்கலுக்கோ அந்தக் கிழமை போய்விடும். வைகாசிக்கு இழுத்தால் வற்றாப்பளைப் பொங்கல், சோளகக் காற்று, புழுதி.

போர்ட் தொங்கவிடுவதில் நடக்கும் பிழைகளால்தான் அதிகம் கெடுகிறது. நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீற்றர். எறியும் கோடு 2.37 மீற்றர், அதுவும் போர்ட்டின் முகத்திலிருந்து. பலர் சுவரிலிருந்து அளப்பார்கள். போர்ட்டின் தடிப்பும் பின்னால் உள்ள பலகையும் சேர்ந்து 5 சென்ரிமீற்றருக்கு மேல் வரும், எறிபவர் அவ்வளவு கிட்டப் போய்விடுவார். போர்ட்டின் முகத்தில் நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து அளவுநாடாவைப் பிடியுங்கள். பிறகு நடுப்புள்ளியிலிருந்து கோட்டுக்குச் சாய்வாக அளந்தால் 2.93 மீற்றர் வரவேண்டும். வராவிட்டால் முதலிரண்டில் ஒன்று பிழை, அல்லது தரை சரிவு. விறாந்தையில் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத்தான் சீமெந்து பூசியிருப்பார்கள். அப்படியானால் உயரத்தை ஆள் நிற்கும் இடத்தின் மட்டத்திலிருந்து கணக்கிடுங்கள்.

சுவரையும் அம்பையும் காக்க, போர்ட்டைச் சுற்றிப் பழைய மோட்டார் சைக்கிள் டயர் போதும். 18 அங்குல டயரின் உள்விட்டம் சுமார் 457 மில்லிமீற்றர், போர்ட்டின் விட்டம் 451. அளந்து செய்தது போல் பொருந்தும். பின்னால் வைக்கும் ஒட்டுப்பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு சட்டம் கொடுத்து விலக்கி அடித்தால் கறையான் ஏறுவது கண்ணில் படும்.

ஒற்றை மின்குமிழ் ஒரு பக்கத்தில் எரிந்தால் முதல் அம்பின் நிழல் அடுத்த அம்பின் இலக்கை மறைக்கும். இரு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். விளக்குக்கும் போர்ட்டுக்கும் நடுவில் கூரை மின்விசிறி சுழன்றால் நிழல் வெட்டி வெட்டி வரும், கண் நிலைக்காது. விளக்கை விசிறிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு கைவசம் இருக்கட்டும். கரண்ட் போனால் பலகையில் உள்ள எண்ணிக்கை அப்படியே நிற்கும், அதே முறையில் இருந்து தொடரும் என்பதும் எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும்.

போர்ட் சைசல் நாரால் ஆனது. தண்ணீர் தெளித்தால் ஓட்டை மூடும் என்று யாராவது சொல்வார்கள். அது எல்ம் மரப் போர்ட்டுக்கு உரிய பழைய வழக்கம். சைசல் ஈரம் பட்டால் ஊதி, முகம் புடைத்து, கம்பிகள் தளரும். மாரியில் சுவர் வியர்க்கும் கட்டடத்தில் தொங்கவிட்டாலே இது நடக்கும். அம்பின் முனையில் பிசிறு இருந்தால் பிடுங்கும்போது நாரும் வரும், ஆகவே சாணைக்கல்லில் தேய்த்துப் பிசிறை எடுங்கள். ஊசிபோல் கூராக்க வேண்டாம். ஒவ்வோர் ஆட்ட இரவுக்கும் முன் எண் வளையத்தைக் கழற்றிப் போர்ட்டைத் திருப்புங்கள், இரண்டு இரண்டு கட்டமாகத்தான், அப்போதுதான் 20 எப்போதும் கறுப்பில் நிற்கும்.

எறிவதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதியவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்து 20க்கே எறிகிறார்கள். 20இன் இரு பக்கமும் 5, 1. மூன்று அம்பும் சிதறி ஒவ்வொன்றில் விழுந்தால் 26. அதே சிதறல் 19இல் 3ஐயும் 7ஐயும் சேர்த்து 29. 16இல் 31. இடப்பக்கம் 14இல், 11ஐயும் 9ஐயும் சேர்த்து 34. ஒரே கட்டத்தில் இரண்டு அம்பு உறுதியாக நிற்கும் வரைக்கும் 14, 16 பக்கமே லாபம்.

லெக் இழுபடுவது டபுளில். 32 மிச்சம் வைக்கப் பழகுங்கள். டபுள் 16க்கு எறிந்தது உள்ளே தவறி ஒற்றை 16இல் விழுந்தால் மிச்சம் 16, டபுள் 8. அதுவும் தவறினால் டபுள் 4, பிறகு டபுள் 2, டபுள் 1. ஒற்றைப்படை எண் வரவே வராது. 40இல் டபுள் 20 தவறினால் 20, டபுள் 10 தவறினால் 10, டபுள் 5 தவறினால் 5. அங்கே ஓர் அம்பு வீணாகும். 37 என்றால் ஒற்றை 5, 41 என்றால் ஒற்றை 9, இரண்டுமே 32க்குக் கொண்டுவரும்.

எண்ணிச் சொல்லும் வரை அம்பைத் தொடக்கூடாது. கழித்தல் பிழையை எறிந்தவர் அடுத்த முறை எறிவதற்கு முன் சொன்னால் திருத்தலாம், பிறகு இல்லை. வாக்குவாதத்தில் பெரும்பகுதி இந்த இரண்டோடு ஓய்ந்துவிடும்.

நால்வர் இரவில் பட்டியலின் முதலாமவருக்கு நான்காமவர், இரண்டாமவருக்கு மூன்றாமவர். இங்கே சமநிலை கூடாது. அரை இறுதி 4 லெக், இறுதி 5 லெக் முதலில் எடுப்பவருக்கு. சிறந்த நாரும் நல்ல விளக்கும் உள்ள போர்ட்டை இறுதிக்கென்று ஒதுக்குங்கள். முடிந்ததும் இரண்டையும் இறக்கிப் பருத்தித் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள்; பொலித்தீன் பை ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். கடைசியாக 20 எந்தக் கட்டத்தில் நின்றது என்று பின்பக்கம் எழுதிவைத்தால், அடுத்த மாசியில் அங்கிருந்தே இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கலாம்.